திருப்பிப் போட்ட லென்ஸ்

சிலிபின், ஈப்போ
9 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்பு மகன் கீத்துக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீ இருக்கிற இடத்துக்கு அப்படிக் கேட்டு எழுதினால் கிண்டல் மாதிரி ஆகிவிடுமோ என்று பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். கேட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்.

இன்று பூசை முடிந்து நேராகத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மூன்றாவது ஞாயிறு. நர்ஸ் மிஸ்ஸி கலாதேவி உள்ளே போய் உன்னிடம் கேட்டுவிட்டு வந்து, "அங்கிள், இன்னைக்கும் வேணாம்னு சொல்லுறாரு லா. கோவிச்சுக்காதீங்க" என்றது. பீசாங் வாழைப்பழத்தையும் இரண்டு சட்டையையும் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். "வார்டுல போன் கெடையாது. லெட்டர் எழுதுங்க, நான் கையில குடுக்கிறேன்" என்று அதுவேதான் யோசனை சொன்னது. நான் கடைசியாகக் கடிதம் எழுதியது உன் அம்மாவுக்கு, கல்யாணத்துக்கு முன்னால். ஒரு பக்கத்தில் இருபது எழுத்துப் பிழை என்று ஹில்டா சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். நீயும் பொறுத்துக்கொள்.

ஜனவரி பதினாறாம் தேதி நடந்ததை ஒரு முறையாவது நான் நேராக எழுதிவிட வேண்டும். நீ நாலு நாளாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கூரையில் இருக்கிற ஆஸ்ட்ரோ டிவி தட்டு உன்னைப் படம் பிடிக்கிறது என்றாய். எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் மற்ற அப்பன்கள் டாக்டரைத் தேடுவார்கள். உன் அப்பன் தீப்பெட்டியைத் தேடினான். உன் கட்டிலுக்கடியில் இருந்த பதினொரு பெட்டியையும், உள்ளே இருந்த புழு, கூடு எல்லாவற்றோடும், பின்பக்கத்து டிரம்மில் போட்டுக் கொளுத்தினேன். அந்தப் புழுக்கள்தான் உன்னைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று நினைத்தேன். நீ ஓடிவந்து தள்ளினாய். என் மணிக்கட்டு உடைந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தேன், அவர்கள் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போன் அடித்தது தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. கொளுத்தியது தப்பு. இந்த இரண்டையும் பிரித்து எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் மனசில் கிடக்கிறது. காப்பிக் கடையில் யார் ஏறுமாறாகப் பேசினாலும், "டேய், தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் எடுக்கவா?" என்பேன். முப்பது வருஷமாக எல்லாரும் சிரித்தார்கள். உன்னிடமும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! போன வாரம் யாரோ ஒருவன் இன்னொருவனிடம் அதையே சொன்னான். சொன்னவன் என்னைப் பார்த்ததும் கோப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அது என்னுடைய ஜோக்குத்தானே.

இனி நல்ல செய்தி. பின்பக்கத்து டுரியான் பெலாண்டா, அதுதான் முள்சீத்தா, மரத்தில் காய்ந்த இலை என்று நான் கவனிக்காமல் விட்டது ஒரு கூடு. கொளுத்தின அன்று அது தப்பித்திருக்கிறது, என் அறிவின் புண்ணியத்தில். இப்போது கூடு காலி. இரண்டு இலைக்கு அடியில் முட்டை இருக்கிறது. செம்பழுப்பு நிறம், கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. எண்ணினேன், முப்பத்தொன்று.

உன் அக்கா ஆட்ரி பாரிட் புந்தாரிலிருந்து வந்திருந்தபோது உன் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். முட்டை, புழு, தோல் உரிப்பது, கூடு கட்டுவது எல்லாம் வரிசையாக எடுத்து வைத்திருக்கிறாய். கடைசிப் படம் மட்டும் இல்லை: கூட்டிலிருந்து வெளியே வருவது. "அதுக்குத்தாம்பா அந்தப் பெட்டிங்கள வெச்சிருந்தான்" என்றாள். அந்தப் படத்தைத்தான் நான் எரித்திருக்கிறேன்.

அதை நான் எடுத்துத் தருகிறேன். எடுத்துக் கொடுத்தால் ஒரு தடவை என்னைப் பார்ப்பாயா? பேச வேண்டாம். வந்து எதிரே உட்கார்ந்தால் போதும். பிறகு வீட்டுக்கு வா.

உன் அப்பா,
பெரியநாயகம்

*

சிலிபின்
23 பிப்ரவரி 2025

அன்பு கீத்,

முட்டை பொரிந்துவிட்டது. சரியாகப் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை. முதல் வேலையாக ஒவ்வொன்றும் தன் முட்டையின் ஓட்டையே தின்றது. இருபத்தாறு உருப்படி. கறுப்பு உடம்பில் வெள்ளையாக முள் முள்ளாக நிற்கிறது. இதைப் பார்த்து ஒரு மனிதனுக்கு எப்படி ஆசை வரும் என்று முதல் நாள் நினைத்தேன். மூன்றாம் நாள், பள்ளிக்கூட வேனை ஓட்டி முடித்து இறங்கினதும் செருப்பைக் கழற்றாமல் ஓடிப்போய் அவற்றைப் பார்த்தேன்.

உன் கேமராவை எடுத்தேன். திட்டாதே, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட்டேன். லென்ஸைத் தலைகீழாக மாட்டியிருந்தாய், பின்பக்கம் முன்னால் வரும்படி. நடுவில் ஒரு வளையம் வேறு. பாவம், அந்த நேரத்தில் உன் நிலைமை அப்படி. வளையத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, லென்ஸை ஒழுங்காக மாட்டிவிட்டேன். கவலைப்படாதே.

ஆனால் படம் விழவில்லை. இலை தெரிகிறது, என் கட்டைவிரல் தெரிகிறது, பின்னால் காயப் போட்ட என் கைலி பிரமாதமாகத் தெரிகிறது. புழு மட்டும் முற்றுப்புள்ளி மாதிரி இருக்கிறது. கிட்டப் போனால் எல்லாம் புகை. கையில் இன்னும் கட்டு இருப்பதால் நடுக்கம். வேனில் வரும் பிள்ளைகள் கட்டு முழுக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு தினேஸ்வரி, "அங்கிள், எப்படி ஒடஞ்சிச்சு?" என்று கேட்டது. "வழுக்கி விழுந்தேன்" என்றேன். அது பொய்யும் இல்லை. நீ தள்ளினாய், ஆனால் தரையில் நான் கொட்டின மண்ணெண்ணெய் இருந்தது.

இன்றும் உன்னைப் பார்க்கக் கிடைக்கவில்லை. போன கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய் என்று மிஸ்ஸி சொன்னது. திரும்பும் வழியெல்லாம் அந்தச் சட்டைப் பையையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அப்பா

*

சிலிபின்
9 மார்ச் 2025

என் மகனே,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

புதன்கிழமை கேமராவை எடுத்துக்கொண்டு டவுனில் லியோங்கின் கேமராக் கடைக்குப் போனேன். ரிப்பேர் என்று நினைத்துத்தான் போனேன். லென்ஸையும் கேமராவையும் வளையத்தையும் தனித்தனியாகப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். அவர் மலாயில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"யாரு இதக் கழட்டினது?"

"நான்தான். தலைகீழா மாட்டியிருந்தான். சரி பண்ணிட்டேன்."

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அங்கிள், சின்னதப் பெருசா எடுக்கணும்னா லென்ஸத் திருப்பித்தான் போடணும். அதுக்குன்னு தனி லென்ஸ் வாங்க முடியாதவங்க எல்லாம் இப்படித்தான் செய்றாங்க. இந்த வளையத்த உங்க மகன் என்கிட்டதான் வாங்கினான்."

அவரே மாட்டிக் கொடுத்தார். கடை வாசலில் போன ஒரு எறும்பைக் காட்டினார். எறும்பின் கண் தெரிந்தது, கீத். எறும்புக்குக் கண் இருப்பதே எனக்கு அறுபத்து மூன்று வயதில்தான் தெரியும்.

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். லியோங் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். அவருக்குத் தெரியாது. ஜனவரியில் டாக்டரம்மா என்னிடம், "உங்க மகனுக்கு ஒடம்பு சரியில்லன்னு எப்ப கவனிச்சீங்க?" என்று கேட்டபோது, நான் முதலில் சொன்னது சாப்பாட்டை இல்லை, தூக்கத்தை இல்லை. "லென்ஸ்கூடத் தலைகீழா மாட்டி வெச்சிருக்கான் டாக்டர்" என்றேன். நீ அந்த அறையில்தான் இருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அதற்குப் பிறகு நீ என்னைப் பார்க்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். "நான் சொன்னதுல ஒரு தப்பு இருக்கு, அத அழிச்சிடுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பாக்சிக், லென்ஸுக்காக நாங்க யாரையும் இங்க வெச்சுக்கிறதில்ல. எழுதினத அழிக்கவும் முடியாது. கீழ ஒரு வரி சேர்க்கலாம்" என்றார். சேர்த்தார். மலாயில் எழுதி எனக்குப் படித்தும் காட்டினார்: லென்ஸ் சரியாகத்தான் மாட்டப்பட்டிருந்தது என்று நோயாளியின் தந்தை கூறுகிறார்.

அன்றிலிருந்து நான் ஒரு காகிதத்தில் நடுவில் கோடு போட்டு எழுதிக்கொண்டு வருகிறேன். இடது பக்கம் தொழில், வலது பக்கம் நோய். பின்சுவரில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்தது: தொழில். பூச்சி வெளிச்சத்துக்கு வரும் என்று லியோங் சொன்னார். ஆஸ்ட்ரோ தட்டு: நோய். நான் பிறந்த தோட்டத்துக்கு, இப்போது பாதி வீடும் பாதி செம்பனையுமாகக் கிடக்கிற அந்த இடத்துக்கு, இலை பறிக்கத் தினமும் போனது: தொழில். நாலு நாள் சாப்பிடாதது: நோய். புழுவிடம் பேசியது: முதலில் வலது பக்கம்தான் எழுதினேன். இப்போது நானே பேசுகிறேன். இடது பக்கம் மாற்றிவிட்டேன்.

எல்லாவற்றையும் பிரித்து முடித்துவிட்டால், நீ வீட்டுக்கு வரும்போது எனக்கு எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று தெரிந்துவிடும்.

மன்னிப்புக் கேட்டு எழுதத் தெரியவில்லை. படம் ஆறு வைத்திருக்கிறேன். தவக்காலம், நான் இறைச்சி தொடுவதில்லை. இவற்றுக்கு வருஷம் முழுக்கத் தவக்காலம்தான், இலைதான்.

அப்பா

*

சிலிபின்
30 மார்ச் 2025

அன்பு கீத்,

நாளை நோன்புப் பெருநாள். பள்ளிக்கூடம் லீவு. வேனுக்கு ஓய்வு, எனக்கு இலை பறிக்கிற வேலை. பத்தொன்பது புழு மிச்சம். என் நடுவிரல் நீளம், கட்டைவிரலைவிடப் பருமன். பச்சை உடம்பில் மாவு தூவினது போல இருக்கிறது. ஒன்றைத் தெரியாமல் தொட்டுவிட்டேன். பக்கவாட்டிலிருந்து ஒரு தண்ணீரைப் பீச்சியது பார், நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. பிள்ளைகள் வேனில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தார்கள்.

போன செவ்வாய் ஒரு கூத்து. விடியற்காலை வேனை எடுக்கப் போகும்போது நம் வரிசைக்குக் கொசுப்புகை அடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். ஐந்தாவது வீட்டில் டெங்கி. மிஷின் சத்தம் கேட்டதும் வேனை அப்படியே விட்டேன். அந்தப் புகை பட்டால் கொசுவோடு இவையும் போச்சு. உள்ளே ஓடி, புழுக்களை வைத்திருந்த பெட்டி நான்கையும் கிளைகளோடு தூக்கி வேனில் அடுக்கினேன். முன்சீட்டில் இரண்டு, பின்னால் இரண்டு. அப்படியே பிள்ளைகளை ஏற்றப் போனேன்.

"அங்கிள், இது என்னா லா?"

"புதுப் பிள்ளைங்க. இன்னைக்குத்தான் சேர்ந்திருக்காங்க."

"கடிக்குமா?"

"நீ கடிக்காம இருந்தா அதுவும் கடிக்காது."

தினேஸ்வரி ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மேட்டிலும் "அங்கிள் பெலான் பெலான், மெதுவா!" என்று கத்திக்கொண்டே வந்தது. மற்றவர்களையும் சத்தம் போடவிடவில்லை. பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது, "இது யாரோடது?" என்று கேட்டது. "என் மகனோடது. அவன் வெளியூர்ல இருக்கான். நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

வெளியூர் என்று சொல்லிவிட்டேனே என்று பிறகு வருத்தமாக இருந்தது. இருபது நிமிஷத் தூரம். வேனில் போனால் இருபத்தைந்து.

உன்னைத் தோட்டவேலை செய்யவிடும் வார்டுக்கு மாற்றியிருப்பதாக மிஸ்ஸி சொன்னது. சந்தோஷம். உன்னிடம் படங்களைக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் படுக்கையில் பரப்பி வைத்துப் பார்த்தாய் என்றும் சொன்னது. சிரித்தானா என்று கேட்டேன். "தெரியல அங்கிள், முதுகுதான் தெரிஞ்சிச்சு" என்றது.

அப்பா

*

20 ஏப்ரல் 2025

அப்பாவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்து.

மருந்தால் கை நடுங்குகிறது, எழுத்து இப்படித்தான் வரும்.

படங்கள் வந்தன. மொத்தம் நாற்பத்து மூன்று. முப்பத்தெட்டு ஆடியிருக்கிறது. நான்கில் இலை நன்றாக வந்திருக்கிறது. பின்னால் எட்டு என்று நம்பர் போட்ட படத்தில், புழு பழைய தோலை உரித்து முடிக்கிற இடம், முகம் ஊசிமுனை மாதிரி விழுந்திருக்கிறது. அதை நான் தனியாக வைத்திருக்கிறேன்.

லென்ஸைத் திருப்பிப் போட்டால் லென்ஸைத் திருகி ஃபோகஸ் பண்ண முடியாது. நீங்கள்தான் முன்னே பின்னே போக வேண்டும். முழங்கையை முட்டியில் ஊன்றுங்கள். மூச்சை விட்டு முடித்த இடத்தில் அழுத்துங்கள். பிளாஷை நேராக அடிக்காதீர்கள். என் அலமாரியில் சிப்ஸ் டப்பாவை வெட்டி டிஷ்யூ ஒட்டி வைத்திருக்கிறேன், அதை முன்னால் மாட்டுங்கள். குப்பை என்று போட்டுவிடவில்லையே?

இந்நேரம் கூடு கட்டியிருக்கும். கட்டி நாலு வாரம் ஆகும். கூட்டின் மேல்முனை ஈரமானால் அன்றைக்கே வரும். பெரும்பாலும் காலையில். உள்ளே சுரண்டுகிற சத்தம் கேட்கும். உதவி செய்யாதீர்கள். வெளியே வந்ததும் ஏறித் தொங்க ஒரு கிளை வேண்டும். தொங்க இடம் கிடைக்காவிட்டால் இறக்கை விரியாது.

பார்க்க வர வேண்டாம். இன்னும்.

கீத்

*

சிலிபின்
6 மே 2025, செவ்வாய்

என் அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை வேன் கண்ணாடிக்கு மேல் செருகி வைத்திருக்கிறேன். 'இன்னும்' என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டிவிட்டேன். சிப்ஸ் டப்பா பத்திரம். குப்பையில்தான் போட்டிருந்தேன், எடுத்துவிட்டேன்.

முதல் கூடு நேற்றுத் திறந்தது. ஆனால் நான் பிள்ளைகளை விட்டுவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்து, இறக்கை விரித்துத் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் நாற்காலியை உதைத்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

இன்று காலை ஆறு மணிக்கு இன்னொரு கூட்டின் முனையில் ஈரம். சக வேன்காரர் தனேஷுக்குப் போன் அடித்தேன். "மச்சான், இன்னைக்கு என் பிள்ளைங்களையும் சேர்த்து ஏத்திக்க."

"ஏண்ணே, ஒடம்பு சரியில்லையா?"

"எனக்கு இல்ல. வீட்ல பிரசவம்."

அவர் உடனே போனை வைத்துவிட்டார். ஊர் முழுக்க என்ன பரவியிருக்கிறதோ தெரியாது.

எட்டே காலுக்குச் சத்தம் கேட்டது. நீ சொன்னது போலவே, தீப்பெட்டிக்குள் நகத்தால் சுரண்டுவது மாதிரி. முட்டியில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தேன். முதலில் வந்தது ஒரு கால். பிறகு மயிர் அடர்ந்த நெற்றி, நனைந்த பூனைக்குட்டி போல. பாதி வந்து நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம் அசைவில்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். என் விரல் தானாகவே நீண்டது, கீத். நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்து கையை இழுத்து என் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பிறகு அது மூச்சு வாங்கி, மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. இறக்கை என்று பார்த்தால் பிழிந்து போட்ட கந்தல். அது தொற்றித் தொற்றிக் கிளையில் ஏறித் தொங்கியது. அந்தக் கந்தல் கண்முன்னால் விரிந்தது. பத்தரை மணிக்கு என் இரண்டு கை அகலம். இறக்கையைக் கிட்டப் பார்த்தால், வீட்டுக்கு ஓடு வேய்ந்தது போல வரிசை வரிசையாகச் செதில். நடுவில் ஓடு போடாமல் விட்ட இடம் மாதிரி முக்கோணமாக ஒரு ஜன்னல், அந்தப் பக்கம் தெரிகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன். ஒன்பது தேறியது. மூச்சை விட்டு முடித்த இடத்தில் எடுத்தவை அவை.

இந்த அந்துப்பூச்சிக்கு வாயே இல்லை, ஒரு வாரம் ஒன்றும் தின்னாமல் இருந்துவிட்டுப் போய்விடும் என்று லியோங் சொன்னார். என் வாயில் பாதியைக் கொடுத்திருப்பேன். எனக்கும் நிம்மதி, ஊருக்கும் நிம்மதி.

டாக்டரம்மா கூப்பிட்டிருந்தார். பதினேழாம் தேதி சனிக்கிழமை உன்னை வீட்டுக்கு அனுப்பலாமாம். குடும்பத்தில் ஒருவர் பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குக் கை ஆறிவிட்டது, நன்றாகக் கையெழுத்துப் போடுவேன். உன் அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். பின்சுவரில் துணி கட்டப் புது ஆணி அடித்திருக்கிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் இரண்டு நாள் வேனை ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே நிறுத்தி, நீ தோட்டத்தில் புல் பிடுங்குவதைப் பார்த்தேன். உனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் பார்த்தேன். அவசரமில்லாமல் வேரோடு பிடுங்குகிறாய், இடையில் நின்று தண்ணீர் குடிக்கிறாய், யாரிடமோ பேசிச் சிரித்தாய். தனியாகச் சிரித்தாயோ என்று முதலில் திக்கென்றது. பிறகு மரத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தது தெரிந்தது. வீட்டுக்கு வந்து காகிதத்தில் இடது பக்கம் எழுதினேன். வலது பக்கத்தில் இப்போது நாலே நாலுதான்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வருவேன்.

உன் அப்பா

*

11 மே 2025

அப்பாவுக்கு,

ஒன்பது படமும் பார்த்தேன். வரிசை முடிந்துவிட்டது. மூன்றாவது படம், பாதி வந்து நிற்கிறது, நான் எடுத்திருந்தாலும் அதைவிட நன்றாக எடுத்திருக்க மாட்டேன். பொய் சொல்லவில்லை.

நான் சனிக்கிழமை பாரிட் புந்தாருக்குப் போகிறேன். அக்காவிடம் பேசிவிட்டேன். அவள்தான் கையெழுத்துப் போடுவாள். டாக்டரும் சரி என்றார்.

லென்ஸுக்காக இல்லை. கொளுத்தினதற்காகவும் இல்லை. அது எனக்கு எப்போதோ ஆறிவிட்டது. அன்றைக்கு நீங்கள் போன் அடித்திருக்காவிட்டால் நான் இருந்திருக்க மாட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வேலிக்கு வெளியே வேன் நின்றது எனக்குத் தெரியும். இரண்டு நாளில்லை, மூன்று நாள். அந்த ஆளோடு பேசிச் சிரித்தபோது, அப்பா பார்க்கிறார், இது எந்தப் பக்கம் போகும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் நான் விளக்கைப் போடும்போது நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். எனக்குத் தெரியும். கதவருகில் வந்து நின்றுவிட்டுப் போவீர்கள். நான் ஒரு வேளை சோறு விட்டால் தட்டைப் பார்ப்பீர்கள். கோபமாக இருந்தால், அது கோபமா நோயா என்று பார்ப்பீர்கள். பாசத்தில்தான். என்னால் முடியாது அப்பா. பக்கத்து வீட்டுத் தட்டு என்னைப் பார்க்கிறது என்று நினைத்தபோது இருந்த மாதிரியே இருக்கும். இந்தத் தடவை அது உண்மையாகவும் இருக்கும்.

சனிக்கிழமை நீங்கள் வராமல் இருந்தால் நல்லது. பார்த்தால் வந்துவிடுவேன்.

கேமராவை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

கீத்

*

சிலிபின்
15 மே 2025, வியாழன்

அன்பு மகன் கீத்துக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மூன்று நாளாக வேடிக்கையாக ஏதாவது எழுதித் தொடங்கலாம் என்று பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை. அதனால் வேலையை மட்டும் எழுதுகிறேன்.

ஆட்ரி நாளை சாயந்திரம் இங்கே வருகிறாள். கேமரா, லென்ஸ், வளையம், பிளாஷ், எல்லாவற்றையும் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். உன் சட்டைகளைத் தோய்த்து இஸ்திரி போட்டேன். ஒரு சட்டையில் பொத்தான் இல்லை, தைத்தேன். நூல் நிறம் கொஞ்சம் மாறிவிட்டது. அம்மாவின் ஜெபமாலையும் இருக்கிறது. வேண்டுமானால் வைத்துக்கொள், வேண்டாவிட்டால் ஆட்ரியிடம் கொடு. மீதிக் கூடு ஐந்தையும் கிளையோடு ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். பாரிட் புந்தார் போய்ச் சேருவதற்குள் திறந்துவிட்டால் காரிலேயே தொங்கவிடச் சொல்லியிருக்கிறேன். உன் அக்காவுக்குப் பூச்சி என்றால் பயம். நான்தான் பெற்றேன், எனக்குத் தெரியும்.

அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவைத்தேன். "அவன் வெளக்கப் போட்டா நீ தூங்கு. எந்திரிச்சுப் போய்ப் பார்க்காத." அவள், "நீங்க தூங்குவீங்களாப்பா?" என்று கேட்டாள். தூங்கமாட்டேன் என்றேன். அதனால்தான் நீ அங்கே போவது சரி. இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது, ஆனால் சரி.

நீ எழுதின கடிதத்தில் ஒரு இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். 'பார்த்தால் வந்துவிடுவேன்' என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தவுடன் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்படியென்றால் போய் நிற்கலாமே என்றுதான். வேலிக்குப் பின்னால் இல்லை, வாசலிலேயே. வேன் சாவியைக் கையில் எடுத்தும்விட்டேன். அவ்வளவுதான் உன் அப்பனின் லட்சணம். சனிக்கிழமை காலை சாவியைத் தனேஷிடம் கொடுத்துவிடப் போகிறேன். ஒரு கல்யாணச் சவாரிக்குக் கேட்டிருந்தார். நடந்து வருகிற வயசு எனக்கு இல்லை. அதனால் நீ தைரியமாக வாசலைத் தாண்டிப் போகலாம்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதி அடித்துவிட்டேன். கோடு போட்டு அடித்திருப்பது தெரிகிறது, மன்னித்துக்கொள்.

எப்போதாவது நான் பாரிட் புந்தார் முகவரிக்கு எழுதுவேன். நம் வீட்டு விஷயம், வேன் விஷயம், அப்படி ஏதாவது. உன்னைப் பற்றி ஒரு கேள்வியும் அதில் இருக்காது. நீ பதில் எழுத வேண்டாம். பிரிக்காமலே வைத்தாலும் பரவாயில்லை. கடிதம் திரும்பி வராமல் இருந்தால் எனக்குப் போதும்.

அப்பா